தேரைக் கணக்கு

மாதம் பங்குனி. வெப்பமானியில் ஆறு பாகை.
இரவெல்லாம் தூறியிருக்கிறது.
"அப்படியென்றால் வருவார்கள்" என்று
வாட்ஸ்அப் குழுவில் வீட்ஹோஃப் எழுதுகிறார்,
மாப்பிள்ளை வீட்டாரைச் சொல்வது போல.

அரன்ஸ்பெர்க்கில் எங்கள் வீதி முடிகிற இடத்தில் காடு.
காட்டுக்கும் குளத்துக்கும் நடுவே தார்ச்சாலை.
சாலையோரம் முழங்கால் உயரத்துக்குப் பச்சைத் துணிவேலி,
பதினைந்து அடிக்கு ஒரு வாளி, கழுத்துவரை மண்ணில் புதைத்து.
மாசியில் ஒரு சனிக்கிழமை கட்டினோம், இருபத்திரண்டு பேர்.
ஓடைக்கரையில் போத்தல் பொறுக்கத்தான் போனேன்.
முளையடிக்கிற சுத்தியலோடு வீடு திரும்பினேன்.
தோள் மூன்று நாள் வலித்தது.

செவ்வாயும் வெள்ளியும் என் முறை.
அட்டவணைக் கட்டத்தில் யோகாம்பிகை அடங்கவில்லை,
"யோகா" என்று போட்டிருந்தார்கள்.
புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கேட்டாள்,
வகுப்புக்கு மாதம் எவ்வளவு என்று.

காலை ஐந்தேகால். நெற்றியில் விளக்கு.
முதல் வாளியில் இலை. இரண்டாவதில் ஒரு வண்டு,
அதையும் எடுத்து வெளியே விட வேண்டும்.
மூன்றாவதில் ஏழு.
ஈரக் களிமண்ணைப் பிடித்து வைத்தாற் போல,
செம்பு நிறக் கண்ணோடு,
என்னை ஒரு பொருட்டாகவே எண்ணாமல்.

தேரை மோந்த தேங்காய், தேரை விழுந்த பிள்ளை.
எங்கள் பேச்சில் இதற்கு நல்ல பெயரே இல்லை.
மச்சாள் தொலைபேசியில் அலறினாள்:
"அந்தக் கையாலயா சோறு குழைக்கிறாய்?"
கையுறை உண்டு என்றேன்.
உண்மையில் கழற்றிவிடுவேன்.
ரப்பருக்குள் விரல் குருடு.
எவ்வளவு இறுக்கினால் போதும் என்று தோலுக்குத்தான் தெரியும்.
முதியோர் இல்லத்தில் பதினொரு வருடமாக
ஈர உடம்புகளைத் தூக்குகிறேன்.

தராசில் தவளை நிறுத்த கதை என்பார்கள், அது சரி.
நாலை எண்ணித் தூக்குவாளியில் விட்டால்
ஒன்று விளிம்பேறிவிடும்; மறுபடி ஒன்றிலிருந்து.
ஆண், பெண், சோடி, இறந்தவை:
தாளில் நான்கு கட்டம்.
ஆண் கீச்சிடும், விடு விடு என்று.
பெண் பேசாது, கனக்கும்.
அவள் முதுகில் ஒருவன் ஏறி இருந்தால் சோடி.

இன்று பன்னிரண்டாம் வாளி தாண்டி வேலி சாய்ந்திருந்தது.
காட்டுப்பன்றியோ, காரோ.
அந்த இடைவெளியால் இறங்கி நடந்திருக்கிறாள்,
நடுக்கோடு வரை.
அவளுக்கு ஒன்றுமில்லை.
முதுகிலிருந்தவனுக்குப் பின்பாதி இல்லை.
முன்கைகள் மட்டும் அவள் கக்கத்தில் பூட்டியபடி.

எந்தக் கட்டம்?
பால்வண்டியொன்று வந்து வெளிச்சத்தைத் தாழ்த்தி நின்றது.
அவளை அவனோடே எடுத்தேன்.
வீட்ஹோஃபை அழைத்தேன்.
தூக்கக் குரலில் சொன்னார்: "பெண் ஒன்று, இறந்தது ஒன்று.
சோடியில் போடாதே, கணக்கு இரட்டிக்கும்."
பிறகு சற்று நின்று, "அவன் கையைக் கழற்றிவிட்டாயா?"
முடியவில்லை என்றேன்.
முயன்று பார்க்கவில்லை.

குளக்கரை நாணலில் வாளியைச் சரித்தேன்.
நாற்பது போயின, முண்டியடித்து.
கடைசியாய் அவள், அவனையும் சுமந்து,
அவசரமில்லாமல் நீருக்குள்.

வேலியை நிமிர்த்தி இரண்டு முளை அடித்தேன்.
ஆறு ஐம்பது பேருந்து.
இல்லத்தில் ஒன்பதாம் அறைக் கிராம்ப் அம்மையார்
குளிப்பாட்டும்போது கேட்பார், தினமும் அல்ல,
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்: "எத்தனை?"
நாற்பத்திரண்டு என்றேன்.
தாளில் நாற்பத்தொன்றும் ஒன்றும்
தனித்தனியே இருக்கின்றன.
"நல்லது" என்று ஈரக்கையை என் கழுத்தில் கோத்துக்கொண்டார்,
தூக்கச் சொல்லி.